லைவ் வியூவை வரிசைப்படி பயன்படுத்துவது எப்படி: டி.எஸ்.எல்.ஆர். வைத்திருப்பவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

ஏற்காடு லேடீஸ் சீட்டில் பொழுது சாயும்போது கவனித்துப் பாருங்கள். டி.எஸ்.எல்.ஆர். கேமராவைக் கைபேசி மாதிரி முகத்துக்கு ஒரு முழம் முன்னால் நீட்டிப் பிடித்து, பின்திரையைப் பார்த்தே (இதுதான் லைவ் வியூ) படம் எடுப்பவர்கள் இருப்பார்கள். படம் கலங்கித்தான் வரும். "இந்த லைவ் வியூ தண்டம்" என்று அணைத்துவிட்டால், அப்புறம் அந்தப் பொத்தான் பக்கமே கை போகாது.

அதே கேமராவை டிரைபாடில் (முக்காலியில்) நிறுத்தி, கீழே உள்ள வரிசையில் செய்தால், கூடவே வந்த 18-55 கிட் லென்ஸிலேயே கொலுசின் கண்ணியை எண்ணிவிடலாம். வரிசையை மாற்றினால் பின்னால் செய்கிற வேலை முன்னால் செய்ததைக் கெடுத்துவிடும். புதிதாகப் பழகுபவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இதில்தான். அதனால் எண் மாறாமல் போங்கள்.

1. எதற்கு உதவும், எதற்கு உதவாது

வியூஃபைண்டரில் (கண்ணை ஒட்டிப் பார்க்கும் துளையில்) பார்க்கும்போது, லென்ஸ் வழியே வரும் ஒளியை உள்ளே இருக்கும் கண்ணாடி மேலே திருப்பிக் கண்ணுக்கு அனுப்புகிறது. அதில் ஒரு பங்கு கீழே இருக்கும் தனி ஃபோகஸ் சென்சாருக்குப் போகிறது. லைவ் வியூ பொத்தானை அழுத்தியதும் கண்ணாடி மேலே ஏறிக்கொள்ளும், ஷட்டர் திறந்துகொள்ளும். படம் பதிகிற சென்சார் தான் பார்ப்பதையே திரைக்கு அனுப்பும்.

இதனால் கிடைக்கும் லாபம் மூன்று. முதலாவது ஃபிரேம்: கேனான் 1500டி, நிக்கான் டி3500, டி5600 போன்றவற்றில் வியூஃபைண்டர் காட்டுவது படத்தின் 95 சதவீதத்தைத்தான். ஓரத்தில் நுழைந்த மின்கம்பி படத்தில்தான் தெரியவரும். திரையில் ஏறக்குறைய முழுசும் தெரியும். இரண்டாவது ஃபோகஸ்: பார்க்கிற சென்சாரும் பதிகிற சென்சாரும் ஒன்றே என்பதால் இடையில் பிசகு வர வழியில்லை. மூன்றாவது, பல கேமராக்களில் எடுப்பதற்கு முன்பே வெளிச்சமும் நிறமும் எப்படி வரும் என்று காட்டும்.

நஷ்டமும் உண்டு. பெரும்பாலான டி.எஸ்.எல்.ஆர்.களில் லைவ் வியூ ஆட்டோஃபோகஸ், லென்ஸை முன்னும் பின்னும் நகர்த்தி எங்கே கான்ட்ராஸ்ட் (ஒளி-நிழல் வேறுபாடு) அதிகம் என்று தேடிக் கண்டுபிடிக்கும் முறை. துல்லியமானது, ஆனால் மெதுவானது. 2013-இல் வந்த கேனான் 70டி தொடங்கி 80டி, 200டி, 5டி மார்க் 4 போன்ற டூயல் பிக்சல் (படம் பதிகிற சென்சாரிலேயே ஃபோகஸ் தூரத்தை அறியும்) கேமராக்களும், நிக்கானில் டி780-யும் இதற்கு விலக்கு. அவை திரையிலும் வேகமாகவே ஃபோகஸ் பிடிக்கும்.

ஆக, கேமராவும் பொருளும் அசையாமல் நிற்கும் இடத்தில் லைவ் வியூவைத் திறங்கள். ஓடும் குழந்தை, பறக்கும் பறவை, சேலம் கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாக் கூட்டம் எல்லாம் வியூஃபைண்டருக்கு உரியவை. கண்ணோடு ஒட்டிய கேமராவுக்கு நெற்றியும் இரண்டு முழங்கையும் சேர்ந்து தாங்கல் கொடுக்கும். நீட்டிய கைக்கு அந்தத் தாங்கல் இல்லை. கூட்டத்துக்கு மேலே தூக்கிப் பிடித்தோ தரையில் வைத்தோதான் எடுத்தாக வேண்டும் என்றால் திரையைப் பயன்படுத்தலாம். அப்போது ஷட்டர் வேகத்தை 1/250 நொடிக்குக் கீழே இறக்காதீர்கள்.

2. கிளம்பும் முன் எடுத்துக்கொள்ள வேண்டியவை

முழுதாக சார்ஜ் ஆன இரண்டு பேட்டரி. லைவ் வியூவில் சென்சாரும் திரையும் இடைவிடாமல் ஓடும். வியூஃபைண்டரில் எடுக்கும் எண்ணிக்கையில் பாதிகூட வராது என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். மலைமேல் குளிர் நாளில் இன்னும் குறையும்.

நடுத்தண்டை ஏற்றாமலே உங்கள் மார்பு உயரம் வரும் டிரைபாட். ரிமோட் அல்லது கேபிள் ரிலீஸ். இல்லாவிட்டால் 2 நொடி டைமர் போதும்.

ஒரு கறுப்புத் துண்டு. வெயிலில் திரை தெரியாது. தலையையும் திரையையும் சேர்த்து மூடிக்கொண்டு பார்த்தால் பளிச்சென்று தெரியும். அந்தக் காலத்து ஸ்டுடியோக்காரர் மாதிரி இருக்கிறது என்று பக்கத்தில் இருப்பவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். இதற்கென்று கண்ணில் ஒட்டிப் பார்க்கும் லூப் விற்கிறார்கள். துண்டே அந்த வேலையைச் செய்துவிடும்.

லென்ஸ் துடைக்கும் துணி, ஃபோகஸ் வளையத்தை ஒட்டிவைக்க ஒரு துண்டு பேப்பர் டேப். டேப் எதற்கு என்பது 6-ஆம் பகுதியில் வரும்.

3. மெனுவில் ஒருமுறை செய்துவிட வேண்டியவை

ஆட்டோ ஐ.எஸ்.ஓ.வை (சென்சாரின் ஒளி உணர்திறனைக் கேமராவே மாற்றிக்கொள்ளும் அமைப்பை) அணையுங்கள். அது இருந்தால் நீங்கள் ஷட்டரை மாற்ற மாற்ற, கேமரா ஐ.எஸ்.ஓ.வை மாற்றித் திரையை அதே வெளிச்சத்தில் வைத்திருக்கும். உங்கள் மாற்றத்தின் விளைவு தெரியாமலே போகும்.

நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். நிக்கானில் ஃபிளிக்கர் ரிடக்ஷனை 50 ஹெர்ட்ஸுக்கு வையுங்கள். கேனானில் வீடியோ சிஸ்டம் பி.ஏ.எல். ஆக இருக்கட்டும். டியூப் லைட், மலிவான எல்.இ.டி. விளக்குகளின் கீழே திரையில் பட்டை பட்டையாக ஓடுவது இதனால் பெரும்பாலும் அடங்கும்.

கட்டக் கோடுகளைத் திறந்துவிடுங்கள். ஃபோகஸ் முறையில், கேனானில் ஃபிளெக்ஸிசோன் சிங்கிள் (பழைய கேமராக்களில் லைவ் மோட்), நிக்கானில் நார்மல் ஏரியா. முகம் தேடும் முறையில் விட்டால், கேமரா தன் விருப்பத்துக்கு ஒரு இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

எடுக்கப்போகும் படத்தின் வெளிச்சத்தையே (எக்ஸ்போஷரை) திரையில் காட்டும் எக்ஸ்போஷர் சிமுலேஷன் என்ற வசதி உங்கள் கேமராவில் வேலை செய்கிறதா என்பதை வீட்டிலேயே பார்த்துவிடுங்கள். மேனுவல் மோடில் வைத்து, திரையைப் பார்த்தபடி ஷட்டரை 1/60-லிருந்து 1/1000 வரை திருப்புங்கள். திரை இருண்டுகொண்டே போனால் இருக்கிறது. அப்படியே நின்றால், அந்தக் கேமரா பார்ப்பதற்கு வசதியான ஒரு வெளிச்சத்தைத்தான் காட்டுகிறது. திரையை நம்பி எக்ஸ்போஷர் முடிவு செய்யக்கூடாது. நிக்கானின் தொடக்கநிலைக் கேமராக்களில் இந்தக் குறை உண்டு. அவற்றில் ஒரு படம் எடுத்து, அதன் ஹிஸ்டோகிராமை (இடப்பக்கம் இருட்டு, வலப்பக்கம் வெளிச்சம் என்று காட்டும் வரைபடத்தை) பார்த்துத் திருத்துவதே வழி.

4. முதலில் டிரைபாட், பிறகு ஃபிரேம்

டிரைபாட் கால்களைப் பருத்த பகுதியிலிருந்து இறக்குங்கள். மெல்லிய கடைசிப் பகுதி தேவைப்பட்டால் மட்டும். நடுத்தண்டை ஏற்றவே வேண்டாம். மலைக்காற்றில் அது கொடிக்கம்பம் மாதிரி ஆடும். காற்று அடித்தால் கீழே பையைத் தொங்கவிடலாம், ஆனால் பையின் அடி தரையைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். அந்தரத்தில் தொங்கும் பை ஊசலாடிக் கேமராவையும் சேர்த்து ஆட்டும்.

பார்வை முனைகளில் தடுப்புக் கம்பியில் டிரைபாடைச் சாய்க்காதீர்கள். பக்கத்தில் யார் கம்பியில் கை வைத்தாலும் அதிர்வு கேமராவுக்கு வரும். சந்தேகமாக இருந்தால் திரையை 10 மடங்கு பெரிதாக்கிப் பாருங்கள். யாராவது கம்பியைத் தட்டும்போது படம் துள்ளுவது கண்ணுக்கே தெரியும்.

லென்ஸில் கை ஆட்டத்தை ஈடுகட்டும் ஐ.எஸ். அல்லது வி.ஆர். ஸ்விட்சை அணையுங்கள். அசையாத கேமராவில் அது இல்லாத ஆட்டத்தைத் தேடித் தானே ஆட்டத்தை உண்டாக்கக்கூடும்.

இப்போது ஃபிரேம். ஜூமை முதலில் முடித்துவிட வேண்டும். கிட் லென்ஸ் உட்படப் பெரும்பாலான ஜூம் லென்ஸ்களில், ஜூமைத் தொட்டாலே ஃபோகஸ் இடம் பெயர்ந்துவிடும். ஃபோகஸ் செய்த பிறகு "கொஞ்சம் நெருக்கமாக" என்று ஜூமைத் திருப்புவது, தைத்த பிறகு துணியை வெட்டுகிற கதை. திருப்பியே ஆக வேண்டும் என்றால் மறுபடி ஃபோகஸ் செய்யுங்கள்.

நான்கு ஓரத்தையும் ஒரு சுற்று கண்ணால் ஓட்டுங்கள். காபித் தோட்டத்தில் எடுக்கும்போது மேல் மூலையில் வெள்ளையாக ஒரு வானத் துணுக்கு எட்டிப் பார்க்கும். சில்வர் ஓக் இலைகளுக்கு நடுவே வருகிற அந்தத் துணுக்குதான் படம் பார்ப்பவர் கண்ணை இழுக்கும். திரையில் அது தெரியும், வியூஃபைண்டரில் தெரியாது.

5. எக்ஸ்போஷர்

மேனுவல் மோடில் வையுங்கள். ஐ.எஸ்.ஓ. 100, அபெர்ச்சர் (லென்ஸின் ஒளித்துளை) எஃப் 8, பிறகு ஷட்டரை மட்டும் திருப்பி வெளிச்சத்தைச் சரிசெய்யுங்கள். எஃப் 8 ஏன் என்றால், கிட் லென்ஸ்கள் அங்கேதான் ஓரம்வரை நன்றாக வரும். எஃப் 16-க்குப் போனால் எல்லாமே கூர்மையாகும் என்று நினைப்பது பழைய தப்பு. துளை மிகச் சிறியதாகும்போது ஒளி வளைந்து பரவுவதால் படம் முழுவதும் லேசாக மெழுகு பூசிய மாதிரி ஆகும்.

திரையின் வெளிச்சத்தைக் கண்ணால் நம்பாதீர்கள். இருட்டில் திரை அதிகப் பிரகாசமாகத் தோன்றும், வெயிலில் மங்கலாகத் தோன்றும். கேனானில் இன்ஃபோ அல்லது டிஸ்ப் பொத்தானை அழுத்திக்கொண்டே போனால் நேரடி ஹிஸ்டோகிராம் வரும். அது வலது சுவரில் முட்டாமல் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

மூடுபனி தனிக் கதை. ஏற்காட்டில் பனி இறங்கினால், கேமராவின் ஒளி அளக்கும் மீட்டர் அந்த வெண்மையைச் சாம்பலாக்கிவிடும். படம் அழுக்குத் துணி மாதிரி வரும். மீட்டர் காட்டுவதைவிட முக்கால் அல்லது ஒரு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரட்டிப்பு) கூட்டுங்கள். திரையைப் பார்த்துக்கொண்டே கூட்டினால், பனி வெள்ளையாகி மரம் இன்னும் கறுப்பாகவே இருக்கும் ஒரு இடம் வரும். அங்கே நிறுத்துங்கள்.

6. ஃபோகஸ்: லைவ் வியூவின் சாரம் இங்கேதான்

பெரிதாக்கும் கட்டத்தைப் பொருளின் மேல் கொண்டுபோய் வையுங்கள். பூதக்கண்ணாடிப் படம் போட்ட பொத்தானை அழுத்துங்கள். கேனானில் 5 மடங்கு, இன்னொரு முறை அழுத்தினால் 10 மடங்கு. நிக்கானிலும் கூட்டல் குறியுள்ள பூதக்கண்ணாடிதான். இது ஜூம் அல்ல; படத்தின் ஒரு துண்டை மட்டும் பெரிதாக்கிக் காட்டுகிறது, ஃபிரேம் மாறாது.

அ) வெளிச்சம் போதுமானால் முதலில் ஆட்டோஃபோகஸைப் பிடிக்க விடுங்கள். கான்ட்ராஸ்ட் உள்ள ஓரத்தில் கட்டத்தை வையுங்கள்: இலை விளிம்பு, மரத்தண்டு, எழுத்து. வெறும் சுவரிலோ பனியிலோ வைத்தால் லென்ஸ் முன்னும் பின்னும் அலைந்துவிட்டுத் தோற்றுவிடும்.

ஆ) லென்ஸை ஏ.எஃப்.-இலிருந்து (ஆட்டோஃபோகஸ்) எம்.எஃப்.-க்கு (கையால் ஃபோகஸ்) மாற்றுங்கள். நிக்கானின் ஏ.எஃப்.-பி. 18-55 லென்ஸில் இதற்கு ஸ்விட்சே இல்லை. கேமரா மெனுவில்தான் மாற்ற வேண்டும். பழைய கேனான் 18-55 ஐ.எஸ். 2 லென்ஸில் ஏ.எஃப்.-இல் இருக்கும்போது முன்வளையத்தைத் திருகாதீர்கள், உள்ளே இருக்கும் பல்சக்கரம் தேயும்.

இ) 10 மடங்கில் பார்த்தபடி வளையத்தை மெல்லத் திருப்புங்கள். கூர்மையான இடத்தைத் தாண்டி, படம் மறுபடி கலங்க ஆரம்பிக்கும்வரை போங்கள். பிறகு திரும்பி வாருங்கள். மறுபக்கம் கலங்கும்வரை போய், அங்கிருந்து நடுவுக்கு வாருங்கள். ஒரே திசையில் போய் "இது போதும்" என்று நிறுத்துபவர்கள், உச்சத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே நின்றுவிடுகிறார்கள். தாண்டினால்தான் உச்சம் எது என்று தெரியும்.

ஈ) இதற்குப் பிறகு வளையத்தைத் தொடக்கூடாது. நெடுநேரம் நிற்கப் போகிறீர்கள் என்றால் பேப்பர் டேப்பை ஒட்டிவிடுங்கள். ஏ.எஃப்.-பி., எஸ்.டி.எம். வகை லென்ஸ்களில் வளையம் மின்சாரத்தால்தான் வேலை செய்கிறது. டேப் ஒட்டினாலும், கேமரா தூங்கிப் போனாலோ அணைத்துப் போட்டாலோ ஃபோகஸ் இடம் மாறிவிடக்கூடும். ஆட்டோ பவர் ஆஃப் நேரத்தைக் கூட்டிவையுங்கள், ஒவ்வொரு முறை எழுப்பிய பிறகும் 10 மடங்கில் சரிபாருங்கள்.

அதிகம் நடக்கும் தப்பு: கையால் ஃபோகஸ் செய்துவிட்டு, ஸ்விட்சை ஏ.எஃப்.-இலேயே விட்டிருப்பது. ஷட்டரைப் பாதி அழுத்தியதும் கேமரா தன் பாட்டுக்கு மறுபடி ஃபோகஸ் தேடும். பத்து நிமிட உழைப்பு அரை நொடியில் போய்விடும்.

அபெர்ச்சர் பற்றியும் ஒரு வார்த்தை. ஃபோகஸ் செய்யும்போது அபெர்ச்சர் முழுதாகத் திறந்திருந்தால்தான் கூர்மை எங்கே என்று தெளிவாகப் பிரியும். கேனான் கேமராக்கள் லைவ் வியூவில் அப்படித்தான் வைத்திருக்கும். நீங்கள் வைத்த எஃப் 8, படம் எடுக்கும்போதுதான் மூடும். நிக்கானின் தொடக்கநிலைக் கேமராக்கள் லைவ் வியூவுக்குள் நுழையும்போது என்ன அபெர்ச்சர் இருந்ததோ அதிலேயே நிற்கும். அவற்றில் முதலில் சிறிய எண்ணில் (எஃப் 3.5 போல) வைத்து உள்ளே போங்கள், எம்.எஃப்.-இல் ஃபோகஸ் செய்யுங்கள். வெளியே வந்து எஃப் 8-க்கு மாற்றி மறுபடி உள்ளே போங்கள்.

மத்தியான வெயிலில் மலைமேலிருந்து சேலத்தைப் பார்த்து 10 மடங்காக்கினால், கட்டடங்கள் தண்ணீருக்குள் இருப்பதுபோல நெளியும். அது கேமரா கோளாறு இல்லை. சமவெளியிலிருந்து எழும் சூடான காற்று. எந்த லென்ஸாலும் அதைச் சரிசெய்ய முடியாது. காலையில் வாருங்கள்.

7. ஷட்டரை அழுத்துவது

திரையைச் சாதாரண அளவுக்குக் கொண்டுவந்து ஓரங்களை ஒருமுறை பாருங்கள். கையை எடுங்கள். 2 நொடி டைமர் அல்லது ரிமோட்.

லைவ் வியூவில் கண்ணாடி ஏற்கெனவே மேலே இருப்பதால் அதன் அடியால் வரும் அதிர்வு குறையும். 1/30 முதல் 1 நொடிவரை உள்ள வேகங்களில்தான் இந்த அதிர்வு அதிகம் பாதிக்கும். ஆனால் எல்லாக் கேமராவும் ஒரே மாதிரி இல்லை. காதால் கேளுங்கள்: மெல்லிய ஒரு சத்தம் வந்தால் கண்ணாடி அப்படியே நிற்கிறது. 'டக்-டக்' என்று இரண்டு மூன்று சத்தம் வந்தால், எடுக்கும் கணத்தில் கண்ணாடி இறங்கி ஏறுகிறது. அப்படிப்பட்ட கேமராவின் மெனுவில் எக்ஸ்போஷர் டிலே மோட் இருந்தால் அதைப் போடுங்கள்.

8. மலையில் இரண்டு வேலைகள்

*லேடீஸ் சீட்டிலிருந்து சேலத்தின் விளக்குகள்.* சூரியன் மறைந்து இருபது நிமிடத்துக்கு மேல் வானம் கருநீலமாகும். விளக்குகளும் எரியத் தொடங்கியிருக்கும். முழு இருட்டில் எடுத்தால் வானம் வெறும் கறுப்பு. முன்னதாகவே போய் டிரைபாடையும் ஃபிரேமையும் முடித்துவையுங்கள். ஃபோகஸுக்குத் தொலைவில் அசையாத ஒரு தெருவிளக்கையோ கோபுரத்தின் சிவப்பு விளக்கையோ பிடித்து 10 மடங்காக்குங்கள். விளக்குப் புள்ளி மிகச் சிறியதாகும் இடம்தான் ஃபோகஸ். லென்ஸ் மேல் போட்டிருக்கும் முடிவிலிக் குறியை நம்பிப் பலர் ஏமாறுகிறார்கள். பல லென்ஸ்கள் அதைத் தாண்டியும் திரும்பும், கிட் லென்ஸ்கள் பலவற்றில் அந்தக் குறியே இல்லை. தொடக்கத்துக்கு ஐ.எஸ்.ஓ. 100, எஃப் 8, 10 நொடி வைத்து ஒன்று எடுத்துப் பார்த்துத் திருத்துங்கள். மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி விளக்கு கோடாக விழ வேண்டுமென்றால் நேரத்தை 20, 30 நொடி ஆக்குங்கள்.

*கிளியூர் நீர்வீழ்ச்சி.* ஏற்காடு ஏரி நிரம்பி வழியும் நீர் விழும் இடம், மழைக்குப் பிறகுதான் வேலை. நீர் பட்டுநூல் மாதிரி வர அரை நொடியிலிருந்து 2 நொடி போதும். பகலில் அதற்கு ஒளியைக் குறைக்கும் என்.டி. ஃபில்டர் வேண்டும். ஃபில்டர் போடுவதற்கு முன்பே ஃபோகஸையும் எக்ஸ்போஷரையும் முடியுங்கள், போட்ட பிறகு திரையில் சரியாகத் தெரியாது. 6 ஸ்டாப் ஃபில்டருக்கு ஷட்டர் நேரத்தை 64-ஆல் பெருக்குங்கள்: 1/60 என்பது சுமார் 1 நொடி. 10 ஸ்டாப் என்றால் சுமார் 1000 மடங்கு, 1/60 என்பது 17 நொடி. பழைய 18-55 லென்ஸில் ஃபில்டர் திருகும்போது முன்பகுதியே சுழன்று ஃபோகஸ் போய்விடும். ஒரு கையால் முன்வளையத்தை இறுகப் பிடித்துக்கொண்டு மறுகையால் திருகுங்கள். ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் சாரல் துடைக்க மறக்காதீர்கள்.

9. கொலுசுப் படம்: திரையின் முழுப் பயன்

சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் வெள்ளி வியாபாரம் செய்பவர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பக் கொலுசுப் படம் எடுத்துத் தரச் சொல்வது வழக்கம். வெள்ளி ஒரு கண்ணாடி. எதிரே இருப்பதெல்லாம் அதில் தெரியும்: விளக்கு, கேமரா, உங்கள் சிவப்புச் சட்டை. வியூஃபைண்டரில் குனிந்து பார்த்துக்கொண்டு இதைச் சரிசெய்வது பெரும்பாடு.

கொலுசை வெள்ளைத் தாளில் வைத்து, சுற்றிலும் தெர்மகோல் நிறுத்துங்கள். விளக்குக்கு முன்னால் டிரேசிங் பேப்பர் கட்டுங்கள். கேமரா டிரைபாடில், லைவ் வியூவில். இப்போது கையில் இரண்டு விரல் அகலக் கறுப்பு அட்டை ஒன்றை எடுத்து, கொலுசுக்கு அருகே நகர்த்திக்கொண்டே திரையைப் பாருங்கள். ஓரிடத்தில் சலங்கையின் வளைவில் மெல்லிய கறுப்புக் கோடு விழும். அதுவரை வெள்ளைத் தாளோடு கலந்து கிடந்த சலங்கை சட்டென்று உருண்டு தெரியும். அட்டையை அங்கேயே நிறுத்துங்கள். அரை அங்குலம் தள்ளினால் அந்தக் கோடு போய்விடும். இந்த அரை அங்குலத்தைத் தேடவே லைவ் வியூ.

ஜன்னல் வெளிச்சமும் டியூப் லைட்டும் சேர்ந்தால் ஒரு பக்கம் நீலம், ஒரு பக்கம் மஞ்சள். ஒன்றை அணையுங்கள். பிறகு வெள்ளைத் தாளை வைத்து கஸ்டம் வொயிட் பேலன்ஸ் (வெள்ளையை வெள்ளையாகவே காட்டும் நிற அளவீடு) எடுங்கள். வெள்ளி மஞ்சளடித்தால் வாங்குபவர் பழசு என்று நினைப்பார்.

எஃப் 8 முதல் 11. ஷட்டரை 1/100, 1/50, 1/25 என்ற வரிசையில் வையுங்கள். மின்விளக்கு நொடிக்கு 100 முறை துடிப்பதால், இந்த நேரங்களில் பட்டை விழாது. கொலுசை வளைத்துப் போடாமல் கேமராவுக்கு இணையாக நீட்டிப் போட்டால் எல்லாம் ஒரே தூரத்தில் வரும். 10 மடங்கில் கொக்கி, நடுக்கண்ணி, கடைசிச் சலங்கை மூன்றையும் போய்ப் பாருங்கள். ஒன்று கலங்கினால் கேமரா சாய்ந்திருக்கிறது என்று அர்த்தம். ஃபோகஸைத் தொடாமல் கேமராவை நேராக்குங்கள். பற்றவைத்த இடம், மெருகு போட்டபோது விழுந்த கீறல், தூசி எல்லாம் இந்த அளவில் தெரிந்துவிடும். கொலுசைத் துடைக்க இதுதான் நேரம், படம் எடுத்துக் கணினியில் போட்ட பிறகு இல்லை.

கேனான் கேமரா என்றால் அந்நிறுவனம் இலவசமாகத் தரும் இ.ஓ.எஸ். யுடிலிட்டி மென்பொருளை நிறுவி, யு.எஸ்.பி. வயரில் இணைத்துக் கணினித் திரையிலேயே பார்க்கலாம். அதிலுள்ள அம்புக்குறிகளால் ஃபோகஸை அணு அணுவாக நகர்த்தலாம். அதற்கு மட்டும் லென்ஸ் ஸ்விட்ச் ஏ.எஃப்.-இல் இருக்க வேண்டும். எம்.எஃப்.-இல் வைத்துவிட்டு அம்பு வேலை செய்யவில்லை என்று வயரை மாற்றிப் பார்ப்பவர்கள் உண்டு.

ஸ்டுடியோ ஃபிளாஷும் அதை எரியவைக்கும் டிரிகரும் பயன்படுத்தினால் இரண்டு சிக்கல். ஒன்று, 1/125, எஃப் 11 வைத்தால் திரை கறுப்பாகிவிடும். ஃபிளாஷ் அடிக்கப் போவது கேமராவுக்குத் தெரியாது. எக்ஸ்போஷர் சிமுலேஷனை அணைக்கும் வசதி இருந்தால் அணையுங்கள். இல்லாவிட்டால் அறை விளக்கில் ஷட்டரை 1/4-க்கு இறக்கி ஃபோகஸ் செய்துவிட்டு 1/125-க்குத் திரும்புங்கள். இரண்டாவது, கேனான் கேமராக்களில் பிற நிறுவன ஃபிளாஷ் லைவ் வியூவில் எரியாமல் போகும். மெனுவில் சைலன்ட் எல்.வி. ஷூட்டிங் இருந்தால் டிசேபிள் செய்யுங்கள். அந்த மெனுவே இல்லை என்றால் ஃபோகஸ் முடிந்ததும் லைவ் வியூவை மூடிவிட்டு எடுங்கள். எம்.எஃப்.-இல் இருப்பதால் ஃபோகஸ் அப்படியே இருக்கும்.

10. வியூஃபைண்டர் ஃபோகஸ் பிசகுகிறதா என்று சோதிக்க

வியூஃபைண்டரில் எடுத்தால் கண்ணுக்குப் பதில் காது கூர்மையாக வருகிறது என்ற புகாருக்கு இதுவே சோதனை. செய்தித்தாளைச் சுவரில் நேராக ஒட்டுங்கள். லென்ஸின் மி.மீ. அளவைப்போல் 50 மடங்கு தூரத்தில் டிரைபாட்: 50 மி.மீ. லென்ஸுக்கு இரண்டரை மீட்டர். அபெர்ச்சர் முழுதாகத் திறந்திருக்கட்டும்.

லைவ் வியூவில் ஃபோகஸ் செய்து ஒரு படம். பிறகு வளையத்தைத் திருப்பிக் கலைத்துவிட்டு, வியூஃபைண்டரில் நடுப்புள்ளியால் ஃபோகஸ் செய்து ஒரு படம். இதை ஐந்து முறை மாற்றி மாற்றி எடுங்கள். ஒன்றிரண்டு படத்தை வைத்து முடிவு செய்ய முடியாது. லைவ் வியூ படங்கள் எல்லாம் கூர்மையாக இருந்து, மற்றவை ஒரே மாதிரி கலங்கியிருந்தால் பிசகு உண்மை. கேனான் 80டி, நிக்கான் டி7200 போன்றவற்றில் மெனுவிலேயே திருத்தலாம். 1500டி, டி3500, டி5600-இல் அந்த வசதி இல்லை. சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோக வேண்டும், போகும்போது இந்தப் படங்களையும் கொண்டுபோங்கள். இரண்டு வகையும் கலங்கினால் லென்ஸிலோ டிரைபாடிலோ குறை.

11. சூரியன், சூடு, மூடிவைப்பது

லைவ் வியூவில் ஷட்டர் திறந்தே இருக்கும். டெலி லென்ஸோடு சூரியனை நோக்கி வைத்தால், சிறுவயதில் பூதக்கண்ணாடியால் காகிதத்தைக் கொளுத்திய அதே வேலை சென்சாரில் நடக்கும். அடிவானத்தில் சிவந்து மங்கிய சூரியனை அகல லென்ஸில் சில நொடி பார்க்கலாம். மற்ற நேரத்தில் லைவ் வியூவை மூடுங்கள். காத்திருக்கும்போது லென்ஸ் மூடியைப் போடுங்கள்.

வெயிலில் நெடுநேரம் ஓடினால் கேனான் திரையில் வெள்ளைத் தெர்மாமீட்டர் குறி வரும்: இனி படத்தில் இரைச்சல் (புள்ளி புள்ளியாகத் தெரிவது) கூடும். சிவப்பானால் லைவ் வியூ சீக்கிரமே தானாக நின்றுவிடும். நீண்ட எக்ஸ்போஷர் எடுப்பதற்கு முன் லைவ் வியூவைச் சில நிமிடம் அணைத்துச் சென்சாரை ஆறவிட்டால், இருட்டுப் பகுதியில் புள்ளிகள் குறையும்.

கேமராவைப் பையில் வைக்கும் முன்: லைவ் வியூ அணைந்திருக்கிறதா, லென்ஸ் ஸ்விட்ச் ஏ.எஃப்.-க்குத் திரும்பியதா, ஐ.எஸ். மறுபடி ஆனில் இருக்கிறதா, பேப்பர் டேப்பைப் பிரித்தாயிற்றா. ராத்திரி மலையிலிருந்து இறங்கி, மறுநாள் விடிகாலை முகூர்த்தத்துக்கு அதே கேமராவோடு நிற்பவர்களுக்கு, தாலி கட்டும் நேரத்தில் எம்.எஃப்.-இல் மாட்டிக்கொண்ட லென்ஸைவிடப் பெரிய சோதனை இல்லை.